வடகாடு முக்கத்தில் ஒரு ஸ்காலர்ஷிப்

1

ஆலங்குடியில் வடகாடு முக்கத்தைத் தாண்டிப் போகிறவர்கள் சில வாரங்களாக என் மகளைப் பார்த்திருப்பீர்கள். டீக்கடைக்கு எதிரே, மின்கம்பத்துக்கும் புளியமரத்துக்கும் நடுவே கட்டிய பேனரில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கறுப்பு அங்கி, பட்டம் வாங்குகிறவர்கள் வைக்கும் குல்லா. பின்னால் சுதந்திர தேவி சிலை. தலைக்கு மேல் ஒரு விமானம். அந்தச் சிலையைப் பார்க்க நாங்கள் இருக்கும் ஒஹையோவிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். அங்கியும் குல்லாவும் அவள் இதுவரை போட்டதே இல்லை. பள்ளிக்கூடமே இன்னும் முடியவில்லை. அவளுடைய வாட்ஸ்அப் படத்தை எடுத்து, ஸ்டுடியோக்காரர் கழுத்துக்குக் கீழே புது உடம்பு கொடுத்துவிட்டார்.

‘அமெரிக்க அரசின் முழு ஸ்காலர்ஷிப் பெற்று மண்ணுக்குப் பெருமை சேர்த்த எங்கள் வீட்டு இளவரசி இனியாவை வாழ்த்துகிறோம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அடியில் ஸ்டாம்பு அளவில் சொந்தக்காரப் பிள்ளைகளின் முகங்கள். கட்டியவர் என் அண்ணன். ஆலங்குடிக்குப் பக்கத்தில் முந்திரிக் காடும் கொஞ்சம் தென்னையும் வைத்து விவசாயம் பார்க்கிறார்.

அமெரிக்க அரசும் தரவில்லை, அது முழுசும் இல்லை. இதை முதல் நாளே அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் பேனர் படத்துக்குக் கை கூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

2

இங்கே காலேஜில் சேருவது எப்படி என்று ஊரில் கேட்பவர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கே குழம்பிவிடும். பன்னிரண்டாவது நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பம் போடலாம். முந்திப் போட்டவர்களுக்கு டிசம்பர் நடுவில் முடிவு வந்துவிடும். பிந்திப் போட்டவர்கள் வசந்தம் வரை நகத்தைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

“பரீட்சையே எழுதாம சீட்டா?” என்று அண்ணன் கேட்டார்.

இதுவரை வாங்கிய மார்க், பிள்ளை எழுதும் கட்டுரை, ஆசிரியர்கள் தரும் கடிதம், ஓய்வு நேரத்தில் யாருக்கு என்ன உதவி செய்தாள் என்ற விவரம் எல்லாம் பார்த்துத்தான் தருவார்கள் என்றேன்.

“அப்ப பொண்ணு பாக்க வர்ற மாதிரின்னு சொல்லு” என்றார்.

இத்தனை வருஷத்தில் இதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இனியா இரண்டு இடங்களுக்கு முந்திப் போட்டிருந்தாள். ஒன்று அவள் ஆசைப்பட்ட இடம். ஏரி, ஆறு, நிலத்தடி நீர் இவற்றைப் பற்றிய படிப்பு அங்கே பேர் போனது. ஒன்பதாவதிலிருந்து அந்தக் காலேஜ் பெயர் போட்ட தண்ணீர் பாட்டிலைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறாள். இன்னொன்று, எதற்கும் ஒன்று இருக்கட்டும் என்று நான் வற்புறுத்திப் போடவைத்தது. இரண்டு முடிவும் ஒரே நாள் சாயங்காலம் வந்தன. என் மனைவி செல்வி சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள்.

முதல் முடிவு அவள் ஆசைப்பட்ட இடத்திலிருந்து. இல்லை என்றும் சொல்லவில்லை, உண்டு என்றும் சொல்லவில்லை. மார்ச் மாதம் மற்றவர்களோடு சேர்த்து மறுபடி பார்க்கிறோம், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இருந்தது. இரண்டாவதைத் திறந்ததும் திரை முழுக்க வண்ணக் காகிதம் கொட்டியது, பேண்டு வாத்தியம் முழங்கியது. இடம் உண்டு. கூடவே மெரிட் ஸ்காலர்ஷிப்.

இனியா லேப்டாப்பை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள் என்று செல்வி சொன்னாள். நான் மூடிய லேப்டாப்பைத் திறந்து இரண்டாவது கடிதத்தை மறுபடி படித்தேன். அப்புறம் போனை எடுத்து, குடும்பக் குழுவில், ‘இனியாவுக்குக் காலேஜ் கிடைத்துவிட்டது, ஸ்காலர்ஷிப்போடு’ என்று தட்டிவிட்டேன். மேலே பிள்ளை அழுகிறாள், கீழே நான் வரும் வாழ்த்துகளுக்கு நன்றி போட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தியமாக எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

“அவ அழுகுறா, நீங்க யாருக்கு இனிப்புக் குடுக்குறீங்க?” என்றாள் செல்வி. அவள் கீரனூர்க்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

3

எங்கள் வீட்டில் ஸ்காலர்ஷிப் என்ற சொல்லுக்குத் தனி மரியாதை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அரசாங்கப் பரீட்சை ஒன்று எழுதி அதை வாங்கினேன். காலைப் பிரேயரில் ஹெட்மாஸ்டர் என் பெயரை மைக்கில் வாசித்தார். அதன் பிறகு ஊரில் எனக்குப் பெயரே இல்லை, ‘ஸ்காலர்ஷிப் பையன்’தான். அந்தத் தொகையில்தான் திருச்சியில் காலேஜ் முடித்தேன், அங்கிருந்து சென்னை, அப்புறம் இங்கே. அண்ணன் பத்தாவதோடு நின்று காட்டைப் பார்த்துக்கொண்டார். என்னைவிட அவருக்குக் கணக்கு நன்றாக வரும். யாரும் அவரைப் பரீட்சைக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேர் வாழ்க்கையும் பிரிந்தது அந்த ஒரு சொல்லால்தான் என்று இன்றைக்கும் முழுசாக நம்புகிறார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அலுவலகத்தில் பக்கத்து மேஜை டயானிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், மூன்று பிள்ளைகளைக் காலேஜ் அனுப்பியவள். கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு, “உங்களுக்கு எவ்வளவு குறைத்தார்கள்?” என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். அந்த மாதிரிக் காலேஜ்களில் போட்டிருக்கும் கட்டணத்தை யாருமே கட்டுவதில்லையாம். முதலில் பெரிய தொகையாகப் போட்டுவிட்டு, சேருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மெரிட் என்று ஒரு பேரைச் சொல்லிக் குறைத்துவிடுவார்களாம். ஆடித் தள்ளுபடியில் சேலை எடுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குறைத்தது போக மிச்சம் கட்ட வேண்டியதே எங்கள் வீட்டுக் கடன் தவணையைவிடப் பெரியது. அதற்கு உதவி கேட்க இன்னொரு விண்ணப்பம் இருக்கிறது. சம்பளம், சேமிப்பு, வீட்டின் விலை, ஊரில் பங்கு நிலம் உண்டா, அதன் மதிப்பு என்ன என்று வயிற்றில் இருப்பதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டது. கடைசியில் ஒரு தொகையைக் காட்டி, இவ்வளவு உங்கள் குடும்பத்தால் முடியும் என்றது.

“நம்மால முடியும்னு அதுக்கு யாரு சொன்னா?” என்றாள் செல்வி.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மகளுக்குத் தகுதி இல்லை என்றில்லை. விடிய எழுந்து படித்தவள், வகுப்பில் முதல் வரிசை. அந்தக் கடிதத்தில் அவள் உழைப்பைப் பாராட்டி எழுதியிருந்த வரிகள் உண்மைதான். அதே வரிகள் அவளோடு படிக்கும் பாதிப் பேருக்கும் போயிருக்கின்றன, அதுவும் உண்மை. சந்தோஷப்படுவதா, ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பதா என்று தெரியாமல் அந்த வாரம் முழுக்க எரிச்சலாகவே இருந்தேன்.

4

பேனரை இனியாவுக்கு நான் காட்டவில்லை. அண்ணன் மகள் பவித்ரா காட்டிவிட்டாள். பவித்ரா ஆலங்குடியில் பிளஸ் டூ படிக்கிறாள், இனியாவின் வயதுதான். இரண்டு பேரும் இன்ஸ்டாகிராமில் பேசிக்கொள்வார்கள். எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழை வைத்து இனியா எழுத்துக் கூட்டினாள். “மு... ழு... முழு. ஃபுல்லா? அப்பா, ஃபுல் ஸ்காலர்ஷிப்னு யார் சொன்னா?”

“பெரியப்பா ஆசையில போட்டுட்டாங்கம்மா.”

“நீங்க கரெக்ட் பண்ணீங்களா?”

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“எனக்கு அங்க போகணும்னே இல்ல. என் படம் போட்டு, நான் ஹேப்பின்னு போட்டிருக்காங்க. நான் ஹேப்பியா?” என்றாள்.

அவிழ்த்துவிடச் சொல்லுங்கள் என்றாள். இவளுக்கு எப்படி விளங்க வைப்பது? நம் பக்கம் பேனர் கட்டுவது சுலபம். கட்டினதை நாள் ஆகாமல் அவிழ்த்தால் முக்கத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். விசா போய்விட்டதா, பிள்ளை பெயிலா, யாரையாவது இழுத்துக்கொண்டு போய்விட்டதா என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். அண்ணன் சந்தையில் தலை காட்ட முடியாது. காற்றடித்துத் தானாகக் கிழியும் வரை விட்டுவிடுவதுதான் எல்லாருக்கும் நல்லது என்றேன். இனியா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அதிலிருந்து என்னிடம் காலேஜ் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

5

புது வருஷம் பிறந்து சில நாளில் அண்ணன் கூப்பிட்டார். போனில் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம். குரலில் அப்படி ஒரு துள்ளலை அவர் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை.

“தம்பி, நம்ம பவிக்கும் வந்திருச்சுடா!”

“என்னண்ணே வந்துச்சு?”

“ஸ்காலர்ஷிப்புடா! பரீட்சை எழுதுறதுக்கு முன்னாடியே. நம்ம இனியாவுக்கு வந்த மாதிரியே. மெரிட்டுன்னு போட்டு, கலர் பேப்பர்ல, பேரெல்லாம் அடிச்சு வந்திருக்கு.”

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பள்ளிக்கூடத்துக்கு வந்து ஏதோ ஒரு நுழைவுத் தேர்வு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுதின பிள்ளைகளில் பவித்ராவுக்கு இன்ஜினியரிங் சீட்டும், கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடியும். பொங்கலுக்கு முன்னால் முன்பணம் கட்டிவிட்டால் இடம் உறுதி. கட்டாவிட்டால் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

“முந்திரி பூ எடுக்குறதுக்கு முன்னாடியே காட்டை ஒருத்தன் குத்தகைக்குக் கேக்குறான். கொஞ்சம் கொறைச்சுத்தான் கேக்குறான். விட்டுட்டு இதக் கட்டிரலாம்னு பாக்குறேன். நல்லதுதானே தம்பி?”

நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அண்ணே, அவசரப்படாதீங்க, ரிசல்ட் வரட்டும், கவுன்சிலிங்கில் அரசாங்கக் காலேஜே கிடைக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் உடனே, “அப்ப இனியாவுக்கு வந்தது?” என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் பேனரில் ஒரு எழுத்தைக்கூட மிச்சம் வைக்காது.

“நல்லதுதாண்ணே. எதுக்கும் நாலு பேர்கிட்ட விசாரிச்சுக்கங்க” என்றேன்.

“நாலு பேரு எதுக்கு? நீ இருக்கியே” என்றார்.

6

அடுத்த நாள் பவித்ராவிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. அந்த வண்ணக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ‘சித்தப்பா, எனக்கு கவுன்சிலிங் வரைக்கும் வெயிட் பண்ணணும். எங்க மேத்ஸ் மிஸ்ஸும் அதான் சொல்றாங்க. கவர்மென்ட் காலேஜே கிடைக்கும்னு சொல்றாங்க. அப்பாகிட்ட நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க. ப்ளீஸ்.’

படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ‘தங்கள் சிறப்பான திறமையை அங்கீகரித்து’ என்று ஆரம்பித்து, முதலில் ஒரு பெரிய தொகை, அதில் மெரிட் கழிவு, அப்புறம் கட்ட வேண்டியது. ஒவ்வொரு ஆண்டும் இத்தனை மார்க் வாங்கினால்தான் கழிவு தொடரும். கட்டிய முன்பணம் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்படாது, இது மட்டும் பொடி எழுத்தில். இனியாவுக்கு வந்த கடிதத்தை யாரோ மொழிபெயர்த்து ஆலங்குடிக்கு அனுப்பியது போலவே இருந்தது.

பவித்ராவுக்கு ‘பேசுறேன்மா’ என்று பதில் போட்டேன். பேசவில்லை. பனி கொட்டியது, வாசலை வாரிவிட வேண்டியிருந்தது. அலுவலகத்தில் வருஷக் கணக்கு. அங்கே பகல் என்றால் இங்கே இரவு, அவர் தூங்கியிருப்பார், காட்டுக்குப் போயிருப்பார், பக்கத்தில் ஆள் இருக்கும். வெளிநாட்டில் இருக்கிறவனுக்குப் பேசாமல் இருக்கக் காரணமா இல்லை? இத்தனை வருஷமாக ஊருக்குப் போன் செய்யும்போது இதைத்தானே செய்துவந்திருக்கிறேன். வேலை பறிபோன சமயத்தில் வேலை மாறுகிறேன் என்றேன். செல்விக்கு ஆபரேஷன் நடந்தபோது லேசான காய்ச்சல் என்றேன். ஊரில் கவலைப்படுவார்களே என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். முக்கால்வாசி, எனக்குப் பெருமை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

7

போன சனிக்கிழமை காலை இனியா தோசையைப் பிய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். “பவிக்கு என்ன ரிப்ளை பண்ணீங்க?”

“பேசணும்மா.”

“அவ டெய்லி என்கிட்ட கேக்குறா. அவளுக்கு அங்க போகப் பிடிக்கல. நான் என்ன சொல்றது? எங்கப்பாவுக்கு ஷையா இருக்குன்னு சொல்லவா?”

செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன். அண்ணனுக்கு அப்போது பொழுது சாய்ந்த நேரம். நலம் விசாரித்த கையோடு சொல்லிவிட்டேன். இனியாவுக்கு வந்தது முழு ஸ்காலர்ஷிப் இல்லை, அரசாங்கம் கொடுத்ததும் இல்லை, பிள்ளை பிடிக்கிறதுக்காகக் காலேஜ் தருகிற தள்ளுபடி, பவிக்கு வந்திருப்பதும் அதேதான், அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம் என்றேன்.

 

“இது என்னடா புதுசாப் பேசுற?” என்றார். “ஒன் மகளுக்கு வந்தப்ப அது ஸ்காலர்ஷிப்பு. எம் மகளுக்கு வந்தா அது தள்ளுபடியா?”

“அண்ணே, அப்படி இல்லண்ணே...”

“ஒன் மக அமெரிக்காவுல படிக்கலாம். எம் மக கோயம்புத்தூருக்குப் போகக் கூடாதா? நான்தான் படிக்காமக் கெடந்தேன், அவளுமா இங்கிட்டே கெடக்கணும்?”

இப்படிக் கேட்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் வெட்கப்பட வேண்டி வரும் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். பொறாமை என்று நினைப்பார் என்று தோன்றவே இல்லை. இனியா எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“பெரியப்பா, நான் இனியா. அப்பா சொல்றது நிஜம். அந்த ஸ்காலர்ஷிப் எங்க கிளாஸ்ல நிறையப் பேருக்குக் குடுத்தாங்க. எனக்கு வேற காலேஜ்தான் பிடிச்சுது. அவங்க எனக்கு யெஸ் சொல்லல. நான் ரொம்ப அழுதேன், பெரியப்பா.”

அண்ணனின் குரல் ஸ்பீக்கரில் அப்படியே இறங்கியது. “அழுதியா? எப்ப தாயி?”

“ரிசல்ட் வந்த அன்னைக்கு. பேனர் பார்த்தப்பவும்.”

“ஒங்கப்பன் சொல்லவே இல்லையே. நான் பாட்டுக்கு முக்கத்துல வர்றவன் போறவனுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தேனே” என்றார். அப்புறம், “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

“தோசை சாப்பிடுறேன்.”

“நல்லாச் சாப்பிடு. மார்ச்சுல மறுபடி பாப்பாங்கள்ல? கெடைக்கலைன்னாலும் ஒண்ணும் கொறைஞ்சுறாது. அப்பாகிட்ட குடு.”

போனை வாங்கினேன். அவர் எங்கேயோ நடந்து தள்ளிப் போவது தெரிந்தது. பேச்சுச் சத்தமெல்லாம் பின்னால் போய், அவர் மூச்சு மட்டும் கேட்டது.

“காட்டை விட்டு, வியாழக்கிழமையே கட்டிப்புட்டேன் தம்பி” என்றார். “நீ நல்லதுதான்னு சொன்னியே.”

திருப்பிக் கேட்கலாம் அண்ணே, நான் மெயில் எழுதித் தருகிறேன், அந்தப் பணத்தை நான் அனுப்பிவிடுகிறேன் என்று என்னென்னவோ உளறினேன்.

“திருப்பித் தர மாட்டாங்களாம். கட்டிட்டு வந்த பெறகு பவி அந்தப் பொடி எழுத்தை வாசிச்சுக் காட்டுச்சு. முன்னாடியே வாசிச்சிருக்கு, எங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு ஒனக்கு அனுப்பிருக்கு. நீ ஒண்ணும் அனுப்ப வேணாம்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “அவ பரீட்சையை எழுதட்டும். கவுன்சிலிங்குக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கிட்டுக் கெடச்சா அங்கிட்டுப் படிக்கட்டும். கட்டுன காசு போனாப் போகுது.”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“அதெல்லாம் விடு. எனக்கு ஒண்ணு மட்டும் செய்.”

“சொல்லுங்கண்ணே.”

“இனிமே எனக்கு நல்ல சேதியை மட்டும் சொல்லிக்கிட்டு இருக்காத, கெட்டதையும் சொல்லு.”